விரதத்தில் ஒளிந்தவன்

பாடாங் செராயில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறேன். பெயர் ஹேமநாதன், வயது நாற்பத்தாறு. இந்த வருஷம் மட்டும் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கழுத்தில் மாலை போட்டு விரதம் இருப்பவனைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அது முறை. கட்டிய மனைவியும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். அப்படி என்னைச் சாமி, சாமி என்று கூப்பிட்டவர்கள் அத்தனை பேரையும் நான் ஏமாற்றினேன். நான் சாமியும் இல்லை, பூதமும் இல்லை. சரியான பயந்தாங்கொள்ளி.

போன தீபாவளிக்கு மறுநாள் ஆரம்பித்தது. மகள் பினாங்கில் படிக்கிறாள், பண்டிகைக்கு வந்துவிட்டு மத்தியானமே பஸ் ஏறிவிட்டாள். வீட்டில் நானும் காஞ்சனாவும் மட்டும். அவள் தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் வேலை செய்கிறாள், அன்றைக்குப் பள்ளி லீவு. கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரிந்தது. ஆனால் எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. உடம்பு கேட்கவில்லை என்பது இருக்கட்டும், களைப்பில் எவனுக்கும் அது வரும். எனக்கு ஆசையே இல்லை. வயிறு நிறைந்தவன் முன்னால் சோற்றை வைத்தது போல உட்கார்ந்திருந்தேன்.

“பரவால்லங்க, ரெண்டு நாளா ஓட்டம்தானே,” என்று காஞ்சனா சொன்னாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். மூன்றாவது தடவை எழுந்து போய்த் துணி மடித்தாள்.

பெட்ரோல் நிலையத்தில் ஆண்மைக்கு நல்லது என்று தொங்காட் அலி வேர் போட்ட கோப்பி விற்பார்கள், பாக்கெட்டில் புலிப்படம் போட்டிருக்கும். ஒரு பெட்டி வாங்கிப் பஸ்ஸிலேயே ஒளித்து வைத்துக் குடித்தேன். நெஞ்சு படபடவென்று அடித்ததுதான் மிச்சம். டிரைவர்கள் ஓய்வெடுக்கும் கொட்டகையில் இந்த மாதிரி விஷயத்துக்குக் குறைவே கிடையாது. “நாப்பது தாண்டுனா எஞ்சின் ஆயில் மாத்தணும்லா,” என்பான் ஒருத்தன், எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் நடுங்கினேன். இவனுங்களுக்குத் தெரிந்தால் கூலிம் முழுக்கத் தெரியும், பஸ்ஸில் ஏறும் பெண்பிள்ளைகள்வரைக்கும் போய்ச் சேரும். டாக்டரிடம் போகலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. காய்ச்சலா, இருமலா, என்னவென்று சொல்வது?

அப்போதுதான் தைப்பூசம் வந்து காப்பாற்றியது. முன்பெல்லாம் ஒரு வாரம் சைவம் சாப்பிட்டுப் பால்குடம் எடுத்துவிட்டு வருகிறவன் நான். அந்த முறை நாற்பத்தெட்டு நாள் மாலை போட்டு, காவடி எடுக்கிறேன் என்று காஞ்சனாவிடம் சொன்னேன்.

“என்ன திடீர்னு? ஏதாவது வேண்டுதலா?”

“உனக்குத்தான். உன் முட்டி வலி தீரணும்னு.”

அவள் முகம் மலர்ந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சலாக வருகிறது. மாலை போட்ட மறுநிமிஷம் என் பாயை ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். விரதக்காரன் மனைவியோடு படுக்கக் கூடாது. யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், கேட்காமலே மரியாதை கொடுப்பார்கள். என் மனைவி காலையில் எழுந்து தனிப் பாத்திரத்தில் எனக்குச் சமைத்து, “சாமி, பசியாறுங்க,” என்றாள். அந்த நாற்பத்தெட்டு நாளும் ஹாலில் நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஒளிவதற்கு முருகனின் முதுகைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

பூசம் முடிந்தது. காவடியை இறக்கினேன், மாலையைக் கழற்ற வேண்டும். வீட்டுக்கு வந்தால் காஞ்சனா தலைக்குக் குளித்து, மல்லிகை வைத்து, போன தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள்.

“மாலைய இப்பக் கழட்டல,” என்றேன். “பங்குனி உத்திரம்வரைக்கும் இருக்கலாம்னு மனசுல வந்திருச்சு.”

“இன்னும் ரெண்டு மாசமா?”

“சாமி காரியம்.”

அவள் தலையிலிருந்த பூவை எடுத்து முருகன் படத்துக்குப் போட்டாள்.

பங்குனி முடிந்ததும் சித்ரா பௌர்ணமி வந்தது. அதுவும் முடிந்தால் எங்கள் பழைய எஸ்டேட் கோயிலில் ஆடி மாதத் தீமிதி இருக்கிறது. சிடாம் கிரி பக்கத்தில் இருந்த ரப்பர் எஸ்டேட் போய்ச் செம்பனைத் தோட்டம் ஆகிவிட்டது, மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. கோயில் தலைவர் காளிதாசன் அண்ணன் எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டினார். “இந்தக் காலத்துல யாருப்பா இவ்ளோ நாளு மாலை போடுறது? இந்த வருசம் தீயில மொதல்ல எறங்குறது நம்ம ஹேமா சாமிதான்,” என்றார். கை தட்டினார்கள். காஞ்சனா பெண்கள் பக்கம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே காளிதாசன் அண்ணன்தான் இன்னொன்றும் சொன்னார். விரதக்காரன் சவரம் செய்ய மாட்டான். தைப்பூசம் முடிந்ததும் காவடிக்காரர்கள் எல்லாம் கருகருவென்று தாடியோடு திரிவார்கள். எனக்கு ஏழு மாதம் ஆகியும் மோவாயில் நாலு முடி, கன்னத்தில் அதுவும் இல்லை. “என்ன சாமி, தாடிய வீட்ல கழட்டி வெச்சிட்டு வந்தீங்களா?” என்று அவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாலிபத்தில் காலையில் மழித்தால் சாயந்திரம் சொரசொரக்கும் முகம் என்னுடையது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். முகம் வழவழவென்று, கொஞ்சம் ஊதினாற்போல, யாரோ ஒருத்தனுடையது மாதிரி இருந்தது. இது என்ன நோய்? பொய்யாக மாலை போட்டதற்குத் தண்டனையா? அந்தக் கேள்வி வந்த பிறகு அது என்னை விடவே இல்லை.

தலைவலி வேறு சேர்ந்துகொண்டது. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்குவது போல இருக்கும். ஒரு வேளைதான் சாப்பாடு, அதனால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். வசதியாகப் போயிற்று, நானும் அப்படியே நம்பினேன். நடக்கும்போது கதவு நிலையில் தோள் இடிக்கும். “சாமி, பாத்துப் போங்க,” என்பாள் காஞ்சனா. பிறகு அவள் சாமி என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். என்னங்க என்றும் கூப்பிடவில்லை. மேசையில் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

தீமிதி அன்று விடிந்ததும் எஸ்டேட் கோயில் குழாயடியில் குளித்தேன். மஞ்சள் வேட்டி கட்டி, மார்பில் திருநீறு பூசும்போது இடது மார்பு வலித்தது. கொஞ்ச நாளாகவே இரண்டு பக்கமும் வீங்கினாற்போல இருந்தது, சதை போட்டிருக்கிறது என்று விட்டிருந்தேன். விரலால் அழுத்தினேன். காம்பில் ஒரு சொட்டு வந்து நின்றது. வெள்ளையாக இருந்தது. துடைத்தேன், மறுபடி அழுத்தினேன். மறுபடி வந்தது.

பால்.

குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். பக்கத்தில் உடுக்கைச் சத்தம், அம்மனுக்கு ஒருத்தர் குரலெடுத்துத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். நான் நெஞ்சை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டேன். தாயே, பொய் சொன்னது தப்புத்தான், ஆளையே மாற்றிவிடாதே என்று வாய்விட்டு அழுதேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அம்மன் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆண் இல்லாமல் ஆக்குகிறாள், முதலில் ஆசையை எடுத்தாள், பிறகு தாடியை எடுத்தாள், இப்போது இது. திருநீற்றைக் குழைத்துக் கட்டியாக அப்பி, துண்டை மார்பில் இறுகக் கட்டிக்கொண்டு எழுந்தேன்.

ஊரே பார்க்க முதலில் நான்தான் இறங்கினேன். தீக்குழி நேராகத்தான் இருந்தது. நாலு எட்டு வைத்ததும் இரண்டு ஓரமும் எங்கே என்று தெரியவில்லை. தீயைத் தாண்டிக் கால் நனைக்க நேரே வைத்திருந்த பால்குழியை மட்டும் பார்த்து நடந்தேன். நேராக நடப்பதாகத்தான் நினைத்தேன், வலது பக்கம் ஒதுங்கிப் போயிருக்கிறேன். ஓரத்தில் தணல் குவியலாக இருந்தது. அதில் கால் புதைந்து, தடுமாறி நின்றுவிட்டேன். தீயில் நிற்கக் கூடாது. யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். இரண்டு பாதமும் கொப்பளித்துவிட்டன.

தீமிதியில் கால் சுட்டால் எங்கள் ஊரில் ஒரே ஒரு காரணம்தான் சொல்வார்கள். விரதம் சுத்தமில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் காஞ்சனா கோயிலுக்குப் பாத்திரம் கழுவப் போனாள். நான் காலில் களிம்பு தடவிக்கொண்டு ஹாலில் கிடந்தேன். பத்து மணிக்குத் திரும்பி வந்தாள். கதவைத் திறந்த வேகத்திலேயே தெரிந்தது, ஏதோ நடந்துவிட்டது.

“அழகம்மா அக்கா என்ன கேட்டாங்க தெரியுமா?” என்றாள். அழகம்மா என்பது காளிதாசன் அண்ணனின் மனைவி. “அத்தன பொம்பளைங்க முன்னாடி கேட்டாங்க. ‘ஒரு பத்து நாளு பொறுக்க முடியலயாடி ஒனக்கு? மாலை போட்ட மனுசனத் தொட்டு அவரு கால வேக வெச்சிட்டியே’ன்னு. எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாங்க.”

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

“நான் தொட்டேனாம்! பத்து மாசமா உங்க வெரல் நகம்கூட என்மேல படல. ஊரு என்னப் பாத்து, ஆசைய அடக்கத் தெரியாதவன்னு பேசுது. சொல்லுங்க, நான் என்ன பதில் சொல்லணும்? இல்லக்கா, என் புருசன் என்னத் தொடுறதே இல்லன்னு சொல்லவா?”

“காஞ்சனா…”

“எதுக்கு இந்த மாலை? யாருக்கு வேண்டுதல்? என் முட்டி வலி எப்பவோ போயிருச்சு. என்னப் பிடிக்கலன்னா சொல்லுங்க. வேற யாராச்சும் இருந்தாலும் சொல்லுங்க. உங்க போனத் தேடிப் பாத்துட்டேன், சட்டைய மோந்து பாத்துட்டேன். அசிங்கமா இருக்கு, எனக்கே அசிங்கமா இருக்கு. சாமியக் காட்டி ஏன் தள்ளிப் போறீங்க?”

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் பால் என்ற வார்த்தை வந்துவிடுமோ என்று பயந்தேன். அதைக் கேட்டால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள்? ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த மௌனத்தை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கெழம கிள்ளான்ல இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போறேன்,” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “திரும்பி வருவேனான்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாது.”

அறைக்குள் போய்ப் பெட்டியை இறக்கினாள். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். உடம்பு போகிறது, இவளும் போகிறாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்த நாள் அதுதான் என்று நினைத்தேன். அதற்கு மூன்று நாள் கழித்து அதுவும் பொய்யானது.

புதன்கிழமை கால் கொஞ்சம் தேறியது. துணியைச் சுற்றி, செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். மத்தியான ஷிஃப்டு முடிந்து முப்பத்தாறு பேரை ஏற்றிக்கொண்டு வருகிறேன். நல்ல வெயில், ரோடு காய்ந்துதான் இருக்கிறது. பாடாங் செராய் முச்சந்தியில் இடது பக்கம் திரும்ப வேண்டும். கண்ணாடியைப் பார்த்தேன், காலி. சிக்னல் போட்டு ஸ்டீரிங்கை ஒடித்தேன்.

“அண்ணே! மோட்டரு! அண்ணே!”

முன் சீட்டில் எப்போதும் உட்காரும் லோகேஸ்வரிதான் கத்தினாள். பிரேக்கை மிதித்தேன். பின்னால் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். இடது பக்கம் தகரம் உரசும் சத்தம். இறங்கி ஓடினேன். ஒரு மலாய்க்காரர் மோட்டார் சைக்கிளோடு புல்லில் விழுந்து கிடந்தார். என் முன்சக்கரத்துக்கும் அவர் காலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அவர் எழுந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, “மாத்தா லெத்தாக் மானா?” என்று கத்தினார். கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார்.

எனக்கும் அதுதான் தெரியவில்லை. நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

“அரை மைலா நம்ம பக்கத்துலயேதான் அண்ணே வந்தாரு,” என்றாள் லோகேஸ்வரி. அவளுக்கு என் மகள் வயது. பஸ்ஸுக்குள் அவளைப் போல முப்பத்தாறு பேர். நான் ரோட்டோரத்தில் குந்தி வாந்தி எடுத்தேன்.

கம்பெனிக்காரர்கள் அன்றைக்கே கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அந்த டாக்டர் என் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, தன் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினார். “எந்த விரல் ஆடுது?” என்று கேட்டார். எனக்குக் கையே தெரியவில்லை. அவர் பேச்சை நிறுத்திவிட்டு உடனே சீட்டு எழுதினார். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், கண்ணை ஒரு பெட்டிக்குள் வைத்துப் புள்ளி புள்ளியாகக் காட்டிச் சோதித்தார்கள், மறுநாள் குழாய் மாதிரி இருந்த ஒன்றுக்குள் படுக்க வைத்துத் தலையைப் படம் எடுத்தார்கள். எங்கள் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் லீவு. ஞாயிற்றுக்கிழமை நிபுணரைப் பார்க்க வேண்டும், கூட ஆள் வர வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது.

காஞ்சனா வெள்ளிக்கிழமை போகவில்லை. கட்டிய பெட்டி அறை வாசலிலேயே நின்றது. “டாக்டரப் பாத்துட்டுப் போறேன்,” என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவள்தான் காடி ஓட்டினாள். இரண்டு பக்கமும் செம்பனை ஓடிக்கொண்டிருக்கும் என்று தெரியும், எனக்கு நேரே இருந்த ரோடு மட்டும்தான் தெரிந்தது. இவ்வளவு நாள் இது எனக்கு எப்படித் தெரியாமல் போனது? தெரியாமல் போகவில்லை. எதையும் பார்க்காமல் இருக்கத்தானே நான் பழகியிருந்தேன்.

டாக்டர் தமிழ்ப் பெண். சட்டையில் பிரேமாவதி என்று பெயர் இருந்தது. முப்பத்தைந்துகூட இருக்காது. போச்சுடா என்று நினைத்தேன். மலாய்க்கார டாக்டராக இருந்தால் பாதி புரியாத மாதிரி நடித்திருப்பேன்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “தலைவலி எவ்ளோ நாளா? களைப்பு? முகத்துல முடி குறைஞ்சிருக்கா?” ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். பிறகு என் பக்கம் திரும்பினார். “அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க, இது கட்டாயம் கேக்கணும். தாம்பத்தியம் எப்படி இருக்கு? ஆசை முன்ன மாதிரி இருக்கா?”

நான் கழுத்திலிருந்த மாலையைப் பிடித்துக்கொண்டேன்.

“அவரு விரதத்துல இருக்காரு டாக்டர்,” என்றாள் காஞ்சனா. கல் மாதிரி இருந்தது குரல். “எட்டு மாசமா மாலை போட்டிருக்காரு. அதெல்லாம் கிடையாது.”

டாக்டர் என் கழுத்தைப் பார்த்தார், மாலை இருந்தது. “ஓ, சரி,” என்று சொல்லி எழுதப் போனார்.

வழக்கம்போல முருகன் வந்து நின்றுவிட்டான். ஆமாம் என்று சொன்னால் தப்பித்தேன். அடுத்த கேள்விக்குப் போய்விடுவார், மாத்திரை ஏதாவது கொடுப்பார், இவள் வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போவாள். டாக்டரின் பேனா காகிதத்தில் பட்டது.

“விரதம் பொய் டாக்டர்,” என்றேன்.

காஞ்சனா என் பக்கம் திரும்பினாள். எனக்கு அது தெரியவில்லை, நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நான் அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே சொன்னேன். நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று வேகமாகச் சொன்னேன். “போன தீபாவளியிலேருந்து எனக்கு ஆசையே வரல. ஒடம்பும் கேக்கல. வெளிய சொல்ல வெக்கம். அவகிட்ட சொல்லவும் வெக்கம். அவ பக்கத்துல வந்துருவாளோன்னு பயந்து மாலையப் போட்டேன். கழட்ட முடியாம அடுத்து அடுத்துன்னு போட்டுக்கிட்டே இருந்தேன். சாமிக்காக ஒரு நாளும் போடல.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “மார்ல வீக்கம், ஏதாவது கசியிறது, அப்படி இருக்கா?”

இதையும் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தலையாட்டினேன்.

“எப்ப பாத்தீங்க?”

“தீமிதி அன்னிக்கி. நான் பொம்பளையா மாறுறேனா டாக்டர்?”

“இல்ல அங்கிள், இல்ல,” என்றார் அவர். சிரிக்கவில்லை, அதற்காக அவருக்குக் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். கருப்பு வெள்ளையில் ஒரு மண்டை. அது என்னுடையது. மூளைக்கு அடியில் நடுவாக ஒரு வெள்ளை உருண்டை தெரிந்தது. “இங்க ஒரு கடலை அளவு சுரப்பி எல்லாருக்கும் இருக்கும். உங்களுக்கு அதுல ஒரு கட்டி வளந்திருக்கு. புற்றுநோய் இல்ல. ஆனா அது புரோலேக்டின்னு ஒரு ஹார்மோன அளவுக்கு மீறிச் சுரக்குது. குழந்த பெத்த அம்மாவுக்குப் பால் வர வைக்கிற ஹார்மோன். ஆம்பளைங்க ஒடம்புலயும் அது கொஞ்சம் இருக்கும், உங்களுக்குப் பல நூறு மடங்கு ஏறிப் போச்சு. அது ஏறுனா ஆண் ஹார்மோன் எறங்கிரும். ஆசை போகும், எழுச்சி போகும், தாடி குறையும், மார் வீங்கும். எல்லாம் ஒரே காரணம். கட்டி பெரிசாகிக் கண் நரம்ப அழுத்துது, அதான் ரெண்டு பக்கமும் தெரியல.”

எனக்குக் கட்டி என்பதற்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை. “கண்ணு போயிருமா?”

“வாரத்துக்கு ரெண்டு மாத்திரை. நெறைய பேருக்கு அதுலயே கட்டி சுருங்கிரும். ஆசையும் சில மாசத்துல திரும்பலாம், இல்லன்னா அதுக்கும் மருந்து இருக்கு. கண்ணுக்கு மட்டும் நான் உறுதி சொல்ல முடியாது. சீக்கிரமா வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். மருந்துக்கு அடங்கலன்னா ஆபரேசன். இப்போதைக்கு பஸ் கூடவே கூடாது.”

பதினெட்டு வருஷம் ஓட்டிய பஸ். தலைக்குள் ஒரு கட்டி. பாதி இருட்டிப்போன உலகம், மீதியும் இருட்டிவிடலாம். இவ்வளவு மாதமும் நான் சாமி என்று கும்பிடு வாங்கிக்கொண்டிருந்தபோது அது நிதானமாக வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

“டாக்டர்.” காஞ்சனாவின் குரல் மெல்லியதாக வந்தது. “ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்கக்கா.”

“இது… இந்தக் கட்டியாலதான் இவருக்கு ஆசை போச்சா? வேற எதனாலயும் இல்லயே? எனக்கு வயசாயிருச்சு, ஒடம்பு பெருத்துருச்சு, அதனால என்னப் பிடிக்காமப் போயி…”

“உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. உலக அழகியே பக்கத்துல இருந்தாலும் இவருக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.”

“நிச்சயமா?”

“ரத்தத்துலயே தெரியுது. நிச்சயம்.”

நான் அவளைப் பார்க்க முழுதாகத் திரும்பினேன். காஞ்சனா சிரித்துக்கொண்டிருந்தாள். பத்து மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, வாய் நிறையச் சிரிக்கிறாள், அடக்க முடியாமல் தோள் குலுங்குகிறது. எதிரே திரையில் என் மண்டையும் அந்த வெள்ளை உருண்டையும் அப்படியே இருந்தன. புருஷன் தலையில் கட்டி என்று கேட்டு ஒரு பெண் சந்தோஷப்படுகிற அளவுக்கு நான் அவளைக் கொண்டுவந்து விட்டிருந்தேன். குருடாகிவிடுவேனோ என்ற பயத்தைவிட அதுதான் என்னை அதிகமாக நடுங்க வைத்தது.

டாக்டர் தன்னைப் பார்ப்பதைக் கவனித்ததும் அவளுக்கு உறைத்தது. சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கையைத் தேடிப் பிடித்தாள்.

“மன்னிச்சிருங்க,” என்றாள்.

அங்கே மன்னிப்புக் கேட்டது அவள்தான்.